வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு: அனுமதியும் பாதுகாப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் பேராசிரியர்களின் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்கும் நேரமும் மாறுவதில்லை. பெரும்பாலும் கூரியர்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்ன அணுகுண்டா செய்கிறோம்? பிச்சாவரம் சேற்றில் பாக்டீரியா தேடுகிறோம். எங்களுக்கு எதற்கு இந்தக் கெடுபிடி?

அணுசக்தித் துறையில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். சேற்றில் பாக்டீரியா தேடுகிறவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை. என் பணிக்காலத்தில் ஒற்றர் வேலையால் வந்த சிக்கல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்காமல் அனுப்பிய குழாய்கள், படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், கணக்கில் வராத வெளிநாட்டுப் பணம், இவற்றால் வந்த சிக்கல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்டு ஆய்வில் எல்லை தாண்டுபவை நான்கு: பொருள், தகவல், பணம், ஆள். நான்குக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம். உங்கள் திட்டத்தில் எது தாண்டுகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஜெர்மனியில் இருக்கும் நண்பரின் ஆய்வகத்துக்குப் பத்துக் குழாய் மாதிரி அனுப்ப வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது?

செடி, விலங்கு, நுண்ணுயிர் எதுவானாலும் அது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்துக்குள் வரும். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, நம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. மாதிரி காப்புக்காட்டிலிருந்தோ தேசியப் பூங்காவிலிருந்தோ வந்ததென்றால் அதற்கு முன்பே வனத்துறையின் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடல் அட்டைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அட்டையும் புலியும் ஒன்றுதான்.

நம் பக்கம் முடிந்ததும் அவர்கள் நாட்டின் இறக்குமதி அனுமதி, இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், விமானச் சரக்குக்கான பொதிவிதிகள் என்று வரிசையாக வரும். உலர்பனி வைத்தால் பெட்டியின்மேல் யு.என். 1845 என்ற அபாயக் குறியும் எத்தனை கிலோ என்பதும் இருக்க வேண்டும்.

என் பீரோவின்மேல் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அனுமதிக் கடிதம் வைக்காமல், 'வணிக மதிப்பு இல்லை' என்று மட்டும் தட்டச்சு செய்த தாளை ஒட்டி அனுப்பினார். சுங்கத்தில் நிறுத்திவைத்தார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தபோது உலர்பனி முழுவதும் ஆவியாகியிருந்தது, ஊதா மூடிக் குழாய்களில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. இரண்டு மழைக்காலம் அலைந்து சேகரித்த மாதிரிகள் அவை. அந்தத் தாள் மட்டும் நனையாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தோடு எங்களுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறதே. துணைவேந்தரே கையெழுத்திட்டிருக்கிறார். அது போதாதா?

போதாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது. அரசு அதில் எதையும் சொல்லவில்லை.

ஒரு விலக்கு உண்மையாகவே இருக்கிறது. இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் கூட்டுத் திட்டங்களுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அத்திட்டம் மத்திய அரசு 2006இல் அறிவித்த வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அரசின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். பலர் 'கூட்டுத் திட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒப்புதலை விட்டுவிடுகிறார்கள். இரு பேராசிரியர்களின் நட்பு இந்தப் பிரிவுக்குள் வராது.

கோயம்பேட்டில் கிலோ கணக்கில் விற்கும் மஞ்சள்தான் ஐயா. அதற்குமா அனுமதி?

வழக்கமாகச் சந்தையில் விற்கும் சரக்குகளுக்கு அதே சட்டத்தின் 40ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் சரக்கு சரக்காகவே விற்கப்படும்வரைதான் அந்த விலக்கு. அதே மஞ்சளை ஆய்வுக்கு என்று எடுத்து, அதன் வேதிப்பொருளைப் பிரித்து, வெளிநாட்டுக் கூட்டாளிக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அது ஆய்வுப் பயன்பாடு. பை அதேதான், நோக்கம் மாறிவிட்டது. சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது.

என் பழைய மாணவர் டெக்சாசில் இருக்கிறார். மதுரைக்காரர், கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். விடுமுறைக்கு வரும்போது மாதிரிகளை எடுத்துப் போகலாம் அல்லவா?

இந்தக் கேள்வியில் சறுக்காதவர்கள் குறைவு. பல்லுயிர்ச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வெளிநாட்டுக் குடிமக்களை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. வருமான வரிச் சட்டப்படி 'வெளிநாடுவாழ்' என்ற வரையறைக்குள் வரும் இந்தியக் குடிமகனையும் அதே வரிசையில் வைக்கிறது. எனவே பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை, அவர் ஆண்டில் எத்தனை நாள் எங்கே இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் மாணவர் அந்த ஜெர்மன் நண்பரைப் போலவே அனுமதி பெற்றாக வேண்டும்.

பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்து எடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊறுகாய்க்கு அது சரி. இதே தவறு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பக்கமும் நடந்திருக்கிறது. 2008இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்காவில் செக் நாட்டுப் பூச்சியியலாளர்கள் இருவர் அனுமதியின்றிப் பூச்சிகள் சேகரித்ததாகக் கைதானார்கள். நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. தங்கள் துறையில் மதிக்கப்பட்டவர்களாக இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

எங்களுடையது நோயாளிகளின் ரத்தம். அதற்கும் பல்லுயிர் ஆணையமா?

இல்லை. மனித மரபணுப் பொருளைப் பல்லுயிர்ச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மருத்துவ ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவிடம் போக வேண்டும், விண்ணப்பம் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழியாகப் போகும். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் அதற்கு முந்தைய படி. அந்த ஒப்புதல் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு நுணுக்கம். மனித மரபணுப் பொருளுக்குத்தான் விலக்கு. நோயாளியின் சளியிலிருந்து நீங்கள் வளர்த்தெடுத்த பாக்டீரியா மனிதப் பொருள் ஆகாது. அது நுண்ணுயிர், ஆகவே தரமணி பக்கம் திரும்பிவிடுகிறது. ஒரே நோயாளி, ஒரே குப்பி, இரண்டு அலுவலகம்.

மாதிரி எதுவும் அனுப்பவில்லை. பெயர்களை நீக்கிய எக்செல் தாள் மட்டும்தான். அது பரவாயில்லைதானே?

அந்தத் தாளைத் திறந்து பாருங்கள். என்னிடம் வந்த ஒரு தாளில் பெயர் இல்லை. ஆனால் 'ஊர்' என்ற பத்தியில் ஒரு சின்னக் கிராமம், 'வயது' பத்தியில் 34, 'தொழில்' பத்தியில் சத்துணவு அமைப்பாளர், 'நோய்' பத்தியில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் வராத ஒன்று. அந்தக் கிராமத்தில் பஸ்சிலிருந்து இறங்கி யாரிடம் கேட்டாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பெயரை நீக்குவது வேறு, ஆளை மறைப்பது வேறு.

2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பொதுவாகத் தடுக்கவில்லை. அரசு குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தும் நாடுகளுக்கு மட்டும் அனுப்பக் கூடாது. கூட்டாளி ஐரோப்பியர் என்றால் எதிர்ப்பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டப்படி, அங்கிருந்து இந்தியாவுக்குத் தனிநபர் தரவு வர வேண்டுமானால் அவர்கள் தனி ஒப்பந்த விதிகளில் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். மிரட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லோரிடமும் கேட்கிறார்கள். மருத்துவத் தரவு என்றால் முந்தைய பதிலில் சொன்ன பரிசீலனைக் குழு இதற்கும் உண்டு.

புதிய பாக்டீரியா இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். இதழ்க்காரர்கள் இரண்டு நாடுகளில் வைப்பு வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் வாழ்த்துகள். சிக்கல் உண்மையானது. பாக்டீரியாக்களுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, புதிய இனத்தின் மூல வகையை, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக வைக்கும் உயிருள்ள மாதிரியை, இரு வேறு நாடுகளில் உள்ள குறைந்தது இரண்டு பொதுக் காப்பகங்களில் வைக்க வேண்டும். கேட்கும் ஆய்வாளர்களுக்கு அது கிடைக்கவும் வேண்டும். நம் சட்டமோ அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்கிறது. ஒரு விதி கதவைத் திறந்து வை என்கிறது, இன்னொன்று பூட்டு என்கிறது.

சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்க் காப்பகத்தில் அல்லது புனேயில் உள்ள தேசிய நுண்ணுயிர் வள மையத்தில் முதல் வைப்பை வைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் காப்பகத்துக்கான விண்ணப்பத்தை, கட்டுரை எழுதி முடிக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். மரபணு வரிசையைப் பார்த்து 'இது புதிது போலிருக்கிறதே' என்று தோன்றும் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். கட்டுரையை மூன்று மாதம் பிந்தி அனுப்பினால் ஒன்றும் குடிமுழுகாது. இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு வைப்புச் சான்று இல்லாமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோமெட் என்கிறார்களே, அது என்ன? ஈமெயிலில் ஒரு வரைபடம் அனுப்புவதும் ஏற்றுமதியா?

அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலின் பெயர் அது. தனிவகை ரசாயனங்கள், உயிரிகள், பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் அதில் அடக்கம். குடிமக்கள் பயன்பாட்டுக்கும் ஆயுதத்துக்கும் இரண்டுக்குமே உதவக்கூடியவை அவை. பெரும்பாலானவற்றுக்கு உரிமம் தருவது டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம். அணுசக்திப் பொருள்கள் அணுசக்தித் துறையிடமும், ராணுவத் தளவாடங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் போகும். இந்தியா 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017இல் வாசனார் ஏற்பாட்டிலும், 2018இல் ஆஸ்திரேலியா குழுவிலும் சேர்ந்தது. மூன்றுமே இப்படிப்பட்ட பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்புகள். அதையொட்டி நம் பட்டியலும் உலகப் பட்டியல்களை ஒத்ததாகிவிட்டது.

நம்மைச் சுற்றி இருப்பவையே அதில் இருக்கின்றன என்பதுதான் வியப்பு. ஆமணக்கு விதை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் ரிசின் ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பல்லாங்குழிக்கு எடுத்து வைக்கும் குன்றிமணியில் உள்ள ஆப்ரினும் கட்டுப்படுத்தப்பட்ட நச்சுகளில் ஒன்று. விதையை வைத்திருப்பதில் சிக்கல் இல்லை, சுத்தப்படுத்திய நச்சைக் குப்பியில் அடைத்து அனுப்புவதுதான் சிக்கல்.

ஈமெயில் கேள்விக்குப் பதில்: ஆம். பட்டியலில் உள்ள ஒன்றின் வடிவமைப்பு, மென்பொருள், செய்முறை ஆகியவற்றை எந்த வழியில் அனுப்பினாலும் அது பரிமாற்றம்தான். பொதுவெளியில் ஏற்கெனவே வெளியான தகவலைப் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டம் 'தொழில்நுட்பம்' என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. வெளியான கட்டுரையை அனுப்பலாம். கட்டுரையில் நீங்கள் வேண்டுமென்றே விட்டுவிட்ட விவரத்தைத் தனி மடலில் எழுதும்போதுதான் யோசிக்க வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாளி எங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் எந்த நாட்டவர் என்று கேட்கிறார். அவமானமாக இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

அவர் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். அமெரிக்க விதிகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்க மண்ணிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது ஏற்றுமதியாகவே கருதப்படும். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், அமெரிக்க விமானப்படையின் ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) ஆய்வில் சீன, ஈரானிய மாணவர்களைச் சேர்த்தார். 2006இல் அந்த ஆய்வுத் தகவல்களோடு சீனாவுக்கும் போய்வந்தார். 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, மறு ஆண்டு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார்.

வெளியிடுவதற்காகவே செய்யப்படும் அடிப்படை ஆய்வுக்கு அங்கே விலக்கு உண்டு. 1985இல் ரீகன் காலத்து உத்தரவு ஒன்றிலிருந்து அந்தக் கொள்கை வருகிறது. வெளியீட்டைத் தடுக்கும் உரிமையை யாருக்காவது ஒப்பந்தத்தில் கொடுத்தால் விலக்கு போய்விடக்கூடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உரிமம் இல்லாமல் அமெரிக்கப் பொருள்களை அனுப்பக் கூடாத நிறுவனங்களின் பட்டியலும் தனியாக ஒன்று இருக்கிறது. 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்கா பல இந்திய நிறுவனங்களை அதில் சேர்த்தது. இஸ்ரோவின் பிரிவுகள் 2011இல் நீக்கப்பட்டன. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல், அமெரிக்காவிலிருந்து எளிய கருவி வாங்குவதற்குக்கூட உரிமம் என்ற கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

அங்கிருந்து வரும் விருந்தினர்களுக்கு விசா எடுத்தாகிவிட்டது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

அவர்கள் பையைப் பாருங்கள். காட்டுக்கும் கடலுக்கும் போகும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் போனோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவியோ வைத்திருப்பார்கள். அவர்கள் ஊரில் அது பாதுகாப்புப் பொருள். இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே தடுத்துவைப்பார்கள். டிரோன் இறக்குமதிக்கும் 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. ஆய்வுக்கென்று தனி அனுமதி வாங்க வழி உண்டு. விசாவும் சுற்றுலா விசாவாக இருக்கக் கூடாது. 'வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதாதீர்கள்.

வெளிநாட்டு அறக்கட்டளை நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் பணம் போடுகிறேன் என்கிறது. வாங்கலாமா?

உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இருந்தால் வாங்கலாம். அதுவும் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்து, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. தனியார் கல்லூரிகளுக்கு அது பொருந்தாது.

2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. 'நீங்கள் வாங்கி எங்களுக்குப் பாதி தாருங்கள்' என்று பக்கத்துக் கல்லூரி கேட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள். சேவைக்கான கட்டணம் வேறு வகை, அதற்கு இன்வாய்ஸ் வேண்டும்.

அப்படியானால் சீனாக்காரர்களோடும் ராணுவப் பணத்தோடும் சேரவே கூடாதா?

'கூடாது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் அது பொய். நாகாலாந்தின் வௌவால்களையும் அவற்றை வேட்டையாடுபவர்களையும் பற்றி 2019இல் வெளியான ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு நிதி தந்தது, ஆசிரியர் பட்டியலில் வூஹான் ஆய்வாளர்கள் பெயரும் இருந்தது. சில மாதங்களில் கொரோனா வந்ததும் எல்லோர் பார்வையும் அதன்மேல் விழுந்தது. மாதிரிகள் வெளியே போகவில்லை, சோதனைக்கு வேண்டிய ஒரு வினைப்பொருள் தந்ததற்காகத்தான் அந்தப் பெயர்கள் என்று இந்திய நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. யார் பணம், யார் பெயர் ஏன் இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே எழுதி வைத்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம்.

மறுபக்கமும் உண்டு. 2018 முதல் 2022 வரை அமெரிக்க நீதி அமைச்சகம் சீனத் தொடர்புள்ள அறிவியலாளர்களைக் குறிவைத்து ஒரு திட்டம் நடத்தியது. எம்.ஐ.டி.யின் கேங் சென் மீதான வழக்கை 2022 ஜனவரியில் அரசே திரும்பப் பெற்றது. ஹார்வர்டின் சார்லஸ் லீபர் தண்டிக்கப்பட்டது சீனாவோடு ஆய்வு செய்ததற்காக அன்று. அந்தத் தொடர்பையும் பணத்தையும் பற்றி அரசிடம் பொய் சொன்னதற்காக. வெளிநாட்டுப் பதவி, மதிப்பூதியம், கௌரவப் பேராசிரியர் பட்டம் எதுவானாலும் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

காப்புரிமையை அமெரிக்காவிலேயே முதலில் போட்டுவிடலாம் என்கிறார் கூட்டாளி. சரிதானே?

நிறுத்துங்கள். கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் வசித்தாலும் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு வரும். இந்தியாவில் முதலில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் போட எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அமெரிக்க மண்ணில் நிகழ்ந்த பகுதிக்கு அங்கேயும் இதே மாதிரி விதி உண்டு. எனவே இரண்டு பக்கமும் அனுமதி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. உயிரி வளத்திலிருந்து வந்த கண்டுபிடிப்பு என்றால் மறுபடியும் தரமணிதான்: காப்புரிமை கிடைப்பதற்கு முன் வெளிநாட்டார் என்றால் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும், இந்தியர் என்றால் அங்கே பதிவு செய்ய வேண்டும்.

தெரியாமல் போன ஆண்டே மாதிரிகளை அனுப்பிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள். முன்பு பல்லுயிர்ச் சட்ட மீறலுக்கு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2023 திருத்தம் அதை நீக்கி, ஒரு லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமாக்கியது; மீறல் தொடர்ந்தால் மேலும் ஒரு கோடி வரை போகலாம். ஆகவே 'தொடர்வதை' நிறுத்துவதுதான் முதல் வேலை. கூட்டாளிக்கு இன்றே எழுதுங்கள்: மாதிரிகளைத் தொடாமல் உறைகுளிரில் வையுங்கள், யாருக்கும் கொடுக்க வேண்டாம், எதையும் வெளியிட வேண்டாம். பிறகு உங்கள் முதல்வருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குப் பிறகு ஆணையத்துக்கு, என்ன அனுப்பினோம், எத்தனை, என்று, யாருக்கு என்ற விவரத்தோடு நீங்களாகவே எழுதுங்கள்.

சென்ற மாதம் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் தேதியை மட்டும் முன்தேதியிட்டுப் போட்டுவிடலாமா என்றார். கூரியர் ரசீதில் தேதி அச்சாகியிருக்கிறது, சுங்கப் பதிவில் இருக்கிறது, ஜெர்மன் ஆய்வகத்தின் வரவுப் புத்தகத்தில் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, ஆணையத்துக்கான கடிதத்தை என் மேசையிலேயே எழுதத் தொடங்கினார்.